ஒரே ஒரு கண்புள்ளி: கிளாமிடோமோனாஸுக்கு வெளிச்சத்தின் திசை எப்படித் தெரிகிறது?

தாமிரபரணி டீச்சர் எழுதியது:

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். பாசிகள் பாடத்தில் "கண்புள்ளி ஒளியை உணர உதவுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம். இந்த முறை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி விடவில்லை. "மிஸ், ஒரே ஒரு புள்ளிதானே இருக்கு? வெளிச்சம் இருக்கா இல்லையான்னு வேணா அதுக்குத் தெரியும். எந்தப் பக்கம் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. நமக்கு லென்ஸ் இருக்கிறது, விழித்திரையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன, போதாததற்கு இரண்டு கண்கள். கிளாமிடோமோனாஸ் என்ற இந்தப் பச்சைப் பாசியோ மொத்தமே ஒரு செல், அதுவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

கூடவே இன்னொன்று. குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் மட்டும் பச்சையாகப் படிந்திருக்கிறது. ஒளியை நோக்கி நீந்தும் அந்த ஒளிநாட்டம்தானா இது?

---

குட்டைநீர் குமரன் எழுதியது:

டீச்சர், பாட்டில் விஷயத்துக்கு மட்டும் சொல்றேன், செல்லுக்குள்ள நடக்கறதை பாசிக்காரன் அண்ணன் வந்து சொல்லட்டும்.

ஜன்னல் பக்கம் பச்சையா இருந்தா உடனே "நீந்திப் போச்சு"ன்னு முடிவு கட்ட முடியாது. வெளிச்சம் படுற பக்கம் பாசி அதிகமா வளரும், அவ்வளவுதான்னு கூட இருக்கலாம். சுலபமான சோதனை: பாட்டிலைக் குலுக்காம அப்படியே பாதி வட்டம் திருப்பி வைங்க. வளர்ச்சியா இருந்தா பச்சை இடம் மாற நாள் கணக்காகும். நீந்துற பாசியா இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள புதுப் பக்கத்துக்கு வந்துடும்.

இன்னொரு எச்சரிக்கை. நூல் நூலா இருந்தா அது ஸ்பைரோகைரா மாதிரி ஏதோ ஒண்ணு. ஆக்சிஜன் குமிழி ஒட்டிக்கிட்டு மேல வரும், நீந்தாது. பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி மேல ஆடையா மிதந்தா மைக்ரோசிஸ்டிஸா இருக்கலாம். அது நீலப்பசும்பாசி, செல்லுக்குள்ள இருக்கிற வாயுப் பைகளால மிதக்குது. நம்ம கோயில் குளங்கள்ல பாதிக்கு மேல பச்சையா தெரியறது அந்த ரகம்தான்னு எனக்கு ஒரு சந்தேகம். ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில பாத்துட்டு அப்புறம் பேசலாம். கையில எடுத்தா நல்லா கழுவிடுங்க, மைக்ரோசிஸ்டிஸ்ல சில வகைக்கு நச்சு உண்டு.

---

பாசிக்காரன் எழுதியது:

டீச்சர், அந்தப் பெண்ணை ஆய்வுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் கேட்டதுதான் இதன் மையக் கேள்வி. (இந்தப் பாசியை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு, பதில் நீளும்.)

முதலில், நுண்ணோக்கியில் ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் தெரிகிறதே அந்தப் புள்ளி, அது ஒளியை உணர்வதே இல்லை. அது ஒரு தட்டி. கரோட்டினாய்டு என்ற நிறமி நிறைந்த கொழுப்புத் துளிகள் அடுக்கடுக்காக நெருக்கி நிற்கின்றன. இடம், பசுங்கணிகத்தின் ஓரம், ஏறக்குறைய செல்லின் இடுப்பில், வெளிச்சவ்வை ஒட்டி. உணர்வது அந்தத் தட்டிக்கு நேர் மேலே சவ்வில் பதிந்திருக்கும் புரதம். சேனல்ரோடாப்சின் என்று பெயர். அதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடியாது, அதனால்தான் பாடப்புத்தகங்களில் பேரும் புகழும் தட்டிக்குப் போய்விட்டது.

தட்டி செய்வது இரண்டு வேலை. வெளியிலிருந்து வரும் ஒளி புரதத்தில் பட்டது போக மிச்சம் தட்டியில் மோதித் திரும்பி மறுபடி புரதத்தின் மேலேயே விழுகிறது. அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு ஒத்துவருவதால் இந்தப் பிரதிபலிப்பு நன்றாகவே நடக்கிறது. 1980-ல் ஃபாஸ்டர், ஸ்மைத் இருவரும் இதை விரிவாக எழுதினார்கள். கண்புள்ளிக்கு எதிர்ப்பக்கமிருந்து வரும் ஒளியோ முதலில் பச்சையத்தைக் கடக்க வேண்டும், பிறகு தட்டியைக் கடக்க வேண்டும். புரதத்திடம் வந்து சேர்வது கொஞ்சம்தான். ஆக, உணரி ஒரு பக்கம் பார்த்தபடி இருக்கிறது.

இதுவரைக்கும் உங்கள் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் பார்க்கும் ஒற்றை உணரிக்குத் திசை எப்படித் தெரியும்?

இந்தச் செல் நேர்கோட்டில் நீந்துவதில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. முன்னால் சாட்டை போல இருக்கும் இரண்டு கசையிழைகளையும் வினாடிக்கு ஏறக்குறைய 50 முறை தவளை நீச்சல் பாணியில் அடித்துக்கொண்டு, தன் நீள அச்சைச் சுற்றி வினாடிக்குச் சுமார் இரண்டு சுற்று சுழன்றபடியே முன்னேறுகிறது. பாதை ஒரு திருகுச்சுருள். குடை ராட்டினத்தில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை பளிச்சென்று வந்து போகும். அதே விளக்கு ராட்டினத்தின் உச்சிக்கு நேர் மேலே இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் வெளிச்சம் ஒரே அளவு. செல்லுக்கும் அப்படித்தான். பக்கத்திலிருந்து ஒளி வந்தால் புரதத்துக்குக் கிடைப்பது வினாடிக்கு இரண்டு துடிப்பு. மூக்குக்கு நேராக வந்தால் துடிப்பே இல்லை.

துடிப்பு வரும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பு, துடிப்பு அடங்கியதும் அப்படியே போ. செல் செய்வது இவ்வளவுதான். உடம்பின் இந்தப் பக்கம் எவ்வளவு ஒளி, அந்தப் பக்கம் எவ்வளவு என்று அது ஒப்பிடவில்லை. இந்தக் கணத்தையும் முந்தைய கணத்தையும் ஒப்பிடுகிறது.

---

சர்க்யூட் சண்முகம் எழுதியது:

> துடிப்பு வரும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பு

பாசிக்காரன் சார், கன்ட்ரோல் சிஸ்டம்ல வேலை பாக்கறவன் நான், அதனால ரெண்டு இடத்துல உறுத்துதுங்க.

ஒண்ணு, தாமதம். சென்சார் சிக்னல் குடுத்து, அது கசையிழைக்குப் போய், அடி மாறுறதுக்குள்ள உடம்பு சுத்திடுமில்லீங்களா? அப்ப தப்பான பக்கமில்ல திரும்பும்?

ரெண்டு, வெளிச்சம் சரியா முதுகுக்குப் பின்னாடி இருந்தாலும் துடிப்பு ஜீரோதானே? அப்ப எதிர்த்திசையிலேயே நிம்மதியா போயிட்டே இருக்கும்.

---

பாசிக்காரன் எழுதியது:

சண்முகம் சார், இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகுக்கு நேர் பின்னால் ஒளி இருந்தால் துடிப்பு பூச்சியம்தான். ஆனால் அது பென்சிலைக் கூர்முனையில் நிறுத்துவதற்குச் சமம். பாதை சுருளாக இருப்பதால் அச்சு எப்போதும் ஒரு துளி ஆடிக்கொண்டே இருக்கும். ஆடினால் துடிப்பு வரும், துடிப்பு வந்தால் திரும்பும், திரும்பினால் துடிப்பு இன்னும் பெரிதாகும். முன்பக்கம் ஒளி இருக்கும்போது இதே ஆட்டம் தானே அடங்கிவிடும். உங்கள் பாஷையில், இரண்டும் சமநிலைப் புள்ளிகள், ஆனால் ஒன்றுதான் நிலையானது.

தாமதம்தான் அழகான இடம். அதற்கு இரண்டு கசையிழைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கண்புள்ளிக்குக் கிட்ட இருப்பதை சிஸ் என்றும் எட்ட இருப்பதை டிரான்ஸ் என்றும் சொல்கிறோம். புரதத்தில் ஒளி பட்டதும் சவ்வில் வழி திறந்து நேர் அயனிகள் உள்ளே வருகின்றன, கால்சியமும் சேர்த்து. சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, செய்தி கசையிழைகளுக்குப் போகிறது. அங்கே ஒரே செய்திக்கு இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன: டிரான்ஸ் வீச்சைக் கூட்டுகிறது, சிஸ் குறைக்கிறது. எட்டத் துடுப்பு பலமாக அடித்தால் படகு கண்புள்ளிப் பக்கம்தானே திரும்பும்? அந்தப் பக்கத்தில்தான் ஒளி.

இரண்டும் ஒரே செல்லில், ஒரே திரவத்தில் இருந்தும் ஏன் வேறுபடுகின்றன என்றால், அவற்றின் உள் இயந்திரமே கால்சியத்துக்கு வேறு வேறு அளவில் மசிகிறது. 1984-ல் காமியா, விட்மன் இருவரும் செல்லின் சவ்வை சோப்பு போன்ற ஒரு பொருளால் கரைத்துவிட்டு, வெறும் எலும்புக்கூடாக நின்ற கசையிழைகளுக்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி கொடுத்து அடிக்க வைத்தார்கள். கால்சியத்தின் அளவை மாற்ற மாற்ற, இரண்டில் எது ஓங்கும் என்பது மாறியது. செல் செத்துவிட்டது, திசைமாற்றி மட்டும் வேலை செய்கிறது! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இப்போது உங்கள் தாமதம். கண்புள்ளி கசையிழைகள் அடிக்கும் தளத்தில் இல்லை, அதிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகி, சுழலும் திசையில் முன்னால் இருக்கிறது. வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 45 பாகை திரும்ப 16-ல் ஒரு பங்கு வினாடி, அதாவது அறுபது மில்லிசெகண்டு சொச்சம். கண் முதலில் ஒளியைத் தாண்டுகிறது. செய்தி போய்ச் சேர்ந்து அடி மாறும் நேரத்துக்குள் கசையிழைத் தளமும் ஒளியின் பக்கம் வந்துவிடுகிறது.

---

சர்க்யூட் சண்முகம் எழுதியது:

ஃபேஸ் லீட் காம்பன்சேஷன், அதாவது தாமதத்தை முன்கூட்டியே ஈடுகட்டறது! இதை சாஃப்ட்வேர்ல போடாம சென்சாரை தள்ளி மாட்டியே முடிச்சிருக்கு. அருமைங்க.

---

வடமராட்சி வாணி எழுதியது:

நான் இஞ்ச உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறனான். எங்கட பிள்ளையள் கிளமிடோமோனாசை விட இயூகிளினாவைத்தான் கூடப் பாக்கிறவை, அது வயல்கரைக் குட்டையளில தாராளமாக் கிடைக்கும். அதுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு, ஆனா இடுப்பில இல்லை, முன் நுனியில சவுக்குமுளையின்ர (நீங்கள் சொல்லுற கசையிழை) அடியில. அதுவும் இதே முறையோ? ரெண்டும் பச்சை, ரெண்டும் ஒரு கலம் எண்டு ஒண்டாப் படிப்பிக்கலாமோ?

---

பாசிக்காரன் எழுதியது:

வாணி அக்கா, தயவுசெய்து ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வெளித்தோற்றத்தில் ஒரே தந்திரம், உள்ளே முற்றிலும் வேறு சாமான்.

யூக்ளினாவின் சிவப்புப் பொட்டும் தட்டிதான், ஆனால் பசுங்கணிகத்துக்கு வெளியே தனியாக இருக்கிறது. அது பிரதிபலிப்பதை விட நிழல் தருகிறது. உணரி இருப்பது கசையிழையின் அடியில் ஒரு சிறு புடைப்பில். செல் சுழலும்போது பொட்டின் நிழல் அந்தப் புடைப்பின் மேல் விழுந்து விலகும். புரதமும் சேனல்ரோடாப்சின் அல்ல. 2002-ல் ஜப்பானியக் குழு ஒன்று அந்தப் புடைப்பிலிருந்து பிரித்தெடுத்தது ஒரு நொதியை. நீல ஒளி பட்டால் அது, செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. ஒன்றில் அயனிகளுக்கு வாசல் திறக்கிறது, மற்றதில் நொதி வேலை செய்கிறது. பரம்பரையிலும் இவை தூரத்து ஆட்கள். யூக்ளினாவின் மூதாதை ஒரு பச்சைப் பாசியை விழுங்கித்தான் பசுங்கணிகத்தைப் பெற்றது.

---

தாமிரபரணி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குடை ராட்டினம் வகுப்பில் எடுபட்டது.

பாட்டிலைத் திருப்பி வைத்தேன். குமரன் தம்பி சொன்னபடி ஒரு மணி நேரத்துக்குள் பச்சை புதுப் பக்கம் வந்துவிட்டது. பழைய இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிய மெல்லிய கறை மட்டும் மிச்சம். பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டை உருண்டையாக ஓடுகின்றன.

ஆனால் மதியம் பாட்டிலை வெளியே நேர் வெயிலில் வைத்தபோது எல்லாம் எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. வெளிச்சத்தை விரும்பியவை ஏன் ஓடின?

---

குட்டைநீர் குமரன் எழுதியது:

டீச்சர், பாட்டில் வட்டமா சதுரமா? தண்ணி ரொம்பின வட்ட பாட்டில் ஒரு லென்ஸ். வெயில் இந்தப் பக்கம் விழுந்தா அந்தப் பக்கத்துச் சுவர்ல பளிச்சுன்னு ஒரு கோடா குவியும். அதனால "எதிர்ப் பக்கம்"தான் அதிக வெளிச்சமான இடமாக் கூட இருந்திருக்கலாம்! வெயில்ல தண்ணி சூடாகி சுழல்ற ஓட்டமும் சேர்ந்துக்கும். தட்டையான பக்கம் இருக்கிற சதுர டப்பாவுல, சூடு இல்லாத விளக்கு வெச்சு மறுபடி பாருங்க.

---

பாசிக்காரன் எழுதியது:

குமரன் சொன்னது சரியான சந்தேகம். சதுர டப்பாவிலும் விலகி ஓடினால் அது மெய்யாகவே எதிர்த்திசை நாட்டம். கூசும் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகும், அதனால் விலகுவது பாசிக்கு லாபம். நீந்தும் வழிமுறை அதேதான், திரும்பும் பக்கம் மட்டும் மாறுகிறது.

அந்தப் பக்கத்தை மாற்றும் விசை எது என்பதில் ஒரு வேடிக்கை. 2011-ல் வகபயாஷி குழு, செல்லுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் பொருள்களைக் கொடுத்தால் ஒளியை நோக்கிப் போவதையும், அவற்றைத் துடைத்தெடுக்கும் பொருளைக் கொடுத்தால் விலகுவதையும் காட்டியது. கடும் ஒளியில்தான் அந்த வீரியப் பொருள்கள் செல்லுக்குள் கூடும், அப்போது விலகித்தானே ஓட வேண்டும் என்று நாம் நினைப்போம். கிடைத்தது நேர்மாறு. எனக்கு இன்றுவரை இது முழுசாகச் செரிக்கவில்லை.

குமரன் வட்ட பாட்டிலை இழுத்துவிட்டதால் இன்னொன்று. கிளாமிடோமோனாஸும் ஒரு வட்ட பாட்டில்தான்! உருண்டையான செல், சுற்றியிருக்கும் நீரை விட ஒளியை அதிகம் வளைக்கும் உட்பொருள். கண்புள்ளிக்கு எதிர்ப்பக்கமிருந்து வரும் ஒளியை அது உணரி இருக்கும் பக்கத்திலேயே குவிக்கும். சாதாரணமாகத் தட்டி குறுக்கே நிற்பதால் இது தெரிவதில்லை. 2016-ல் அதே வகபயாஷி கூட்டத்தார் தட்டி மட்டும் இல்லாத மியூட்டன்டுகளை (மரபணு மாறிய செல்களை) எடுத்துப் பார்த்தார்கள். உணரிப் புரதம் இருக்கிறது, கரோட்டினாய்டு அடுக்கு இல்லை. குருடாகத் திரியும் என்றுதானே தோன்றும்? அவை திசையோடுதான் நீந்தின, ஆனால் தலைகீழாக. சாதாரணச் செல் ஒளியை நோக்கிப் போகும் நிலைமையில் இவை விலகின, அது விலகும் நிலைமையில் இவை நெருங்கின. நேரே வரும் ஒளியை விட எதிர்ப்பக்கம் வழியே வந்து குவியும் ஒளி உணரிக்குப் பலமாகப் பட்டதுதான் காரணம். வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அதற்கு எதிர்ப்புறம் இருப்பதாகச் செல் எடுத்துக்கொண்டது.

டீச்சர், "கண்புள்ளி எதற்கு?" என்று தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் புத்தக விடையே போதும். ஆனால் அந்தப் பெண்ணிடம், அது செல்லின் கண் அல்ல, செல் தன் லென்ஸாலேயே ஏமாறாமல் இருக்கப் போட்ட மறைப்பு என்று சொல்லுங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

எல்லாம் சரி. "பார்க்கிறது", "ஏமாறுகிறது", "எடுத்துக்கொண்டது". மூளையே இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு வினைச்சொற்களா? அயனி உள்ளே போகிறது, இழை ஆடுகிறது. இதற்குக் கண் என்ற பேச்சே அதிகப்படி.

---

பாசிக்காரன் எழுதியது:

வினைச்சொற்களைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் "கண் என்ற பேச்சே அதிகப்படி" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணம் வேதியியல்.

1984-ல் ஃபாஸ்டர் குழு, கரோட்டினாய்டு செய்ய முடியாத ஒரு கிளாமிடோமோனாஸ் மியூட்டன்டை எடுத்தது. அதற்கு ஒளி நாட்டம் இல்லை. வெளியிலிருந்து ரெட்டினாலைக் கொடுத்ததும் ஒளியை நோக்கி நீந்தியது. ரெட்டினாலுக்குப் பதில் அதன் சற்றே மாறிய வடிவங்களைக் கொடுத்தபோது, எந்த நிறத்துக்கு அதிகம் மசிகிறது என்பதும் கூடவே நகர்ந்தது. அதாவது ஒளியைப் பிடிப்பது ரெட்டினாலேதான். வைட்டமின் ஏ-யிலிருந்து வந்து, இந்த வரியைப் படிக்கும் உங்கள் விழித்திரையில் இந்த நிமிடம் வடிவம் மாறிக்கொண்டிருக்கும் அதே மூலக்கூறு.

வித்தியாசமும் உண்டு. நம் கண்ணில் ரோடாப்சின் என்ற புரதம் ஒளியைப் பிடித்தபின் பல கைகள் மாறித்தான் அயனி வாசலுக்குச் செய்தி போகிறது. பாசியில் பிடிக்கும் புரதமே வாசலும். ஒளி பட்டு ஒரு மில்லிசெகண்டுக்குள் மின்னோட்டம். 2002, 2003 ஆண்டுகளில் நாகல், ஹெகமான், பாம்பெர்க் குழு இந்தப் புரதங்களின் மரபணுவைத் தவளை முட்டைச் செல்லில் போட்டுக் காட்டியது. 2005-ல் அதையே நரம்புச் செல்லில் போட்டு, நீல ஒளியால் நரம்பை இயக்கினார்கள். பின்னர் ஆப்டோஜெனடிக்ஸ் என்று பெரிய துறையே ஆனது, 2021-ல் ஓஸ்டர்ஹெல்ட், ஹெகமான், டைசரோத் மூவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது. அதே ஆண்டு, விழித்திரை நோயால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில் இன்னொரு கிளாமிடோமோனாஸ் இனத்தின் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தி, விசேஷக் கண்ணாடி மாட்டியபோது, மேஜை மேலிருந்த பொருள்களை அவரால் இடம் கண்டு தொட முடிந்தது. இதைப் பற்றித் தனி இழை திறக்கலாம், இங்கே வேண்டாம்.

---

வடமராட்சி வாணி எழுதியது:

கேள்விக்குறி தம்பி, மனுசன்ர கண்ணுக்குள்ள போய் வேலை செய்யிற சாமானை கண் எண்டு சொல்லக் கூடாதோ?

---

கேள்விக்குறி எழுதியது:

சொல்லுங்கள் அக்கா. பாசிக்கு மட்டும் கண்ணாடி மாட்டிவிடாதீர்கள்.

---

தாமிரபரணி டீச்சர் எழுதியது:

வகுப்பிலேயே இதைக் காட்ட ஆசை. சதுர டப்பா கிடைத்துவிட்டது. விளக்கு என்ன நிறத்தில் வைக்க வேண்டும்? நுண்ணோக்கியில் பார்க்கும்போது அதன் விளக்கே பாசியைக் குழப்பாதா?

---

பாசிக்காரன் எழுதியது:

குழப்பும். கீழிருந்து வரும் வெள்ளை ஒளியில் செல்கள் மேலும் கீழுமாக அலையும், பக்கத்து விளக்கைச் சட்டை செய்யாது.

நல்லவேளையாக இந்தப் பாசிக்கு வழிகாட்டும் ஒளி 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை. சிவப்பில் ஒளிச்சேர்க்கை ஜோராக நடக்கும், ஆனால் திசை தெரியாது. (நாட்டத்தை நடத்துவது பச்சையம் இல்லை என்பதற்கு இதுவே நல்ல சாட்சி, வகுப்பில் சொல்லலாம்.) ஆகவே நுண்ணோக்கி விளக்குக்குச் சிவப்பு வடிகட்டி போட்டுப் பாருங்கள், பக்கத்திலிருந்து நீலப்பச்சை எல்இடி ஒன்றை எரியவிடுங்கள். சில வினாடிகளில் கூட்டமே திரும்பும். எல்இடியைத் திடீரென்று மிகப் பிரகாசமாக்கினால் செல்கள் ஒரு கணம் பின்னோக்கி நீந்துவதையும் பார்க்கலாம். அது வேறு அனிச்சை, அதில் இரண்டு இழைகளும் சேர்ந்தே அடியை மாற்றிக்கொள்ளும்.

---

குட்டைநீர் குமரன் எழுதியது:

சிவப்பு செலோபேன் ஒத்தை மடிப்பு பத்தாது டீச்சர், மத்த நிறமும் கசியும். நாலஞ்சு மடிப்பா வைங்க. காலை வகுப்பா இருந்தா நல்லது, ஆனா ராத்திரி முழுக்க இருட்டுல கிடந்த தண்ணியில சில சமயம் மந்தமா இருக்கும், கொஞ்ச நேரம் மிதமான வெளிச்சத்துல வெச்சுட்டு ஆரம்பிங்க.

---

சர்க்யூட் சண்முகம் எழுதியது:

செலோபேனே வேண்டாங்க. 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடியும் 505 நீலப்பச்சையும் எங்கிட்ட சும்மா கிடக்குது. ரெண்டுக்கும் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன போர்டு போட்டுத் தரேன். பள்ளிக்கூட முகவரியை தனிமடல்ல அனுப்புங்க டீச்சர்.